316எல்லைக் கடையக் கற்றது: செய்முறைத் தேர்வு எழுதப் போகிறவர்களுக்கு

தேர்வுக்குப் படித்தபோது உலோகவியலுக்கு ஒரு நோட்டு, மெஷினிங்குக்கு ஒரு நோட்டு என்று பிரித்து வைத்திருந்தேன். முதல் நோட்டில் 316எல் என்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் கலவை இருந்தது: குரோமியம் 16 முதல் 18 சதவீதம், நிக்கல் 10 முதல் 14, மாலிப்டினம் 2 முதல் 3, கார்பன் 0.03-க்கு மேல் கூடாது. இரண்டாவதில் ஸ்பீடு, ஃபீட் (ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தூரம்), வெட்டு ஆழம். இரண்டுமே மனப்பாடம். ஆனால் 316எல் ராடை லேத்தில் மாட்டிய அன்றுதான் இவை ஒரே பாடம் என்று எனக்குப் புரிந்தது.

வேலை சின்னதுதான். 40 மில்லிமீட்டர் ராடு, வெளிவிட்டத்தைக் கடைந்து நடுவில் 8 மில்லிமீட்டர் துளை போட வேண்டும். மைல்டு ஸ்டீலில் பழகிய கை என்பதால், டிரில் உடைந்துவிடுமோ என்று பயந்து தொட்டுத் தொட்டு இறக்கினேன். பாதியில் நிறுத்தி, வெட்டிவந்த உலோகச் சுருளை எடுத்துவிட்டு, மறுபடி மெதுவாக வைத்தேன். இறங்கவில்லை. கீச்சென்ற சத்தம் மட்டும் வந்தது. இன்னும் அழுத்தினேன், புகை வந்தது. வெளியே எடுத்துப் பார்த்தால் டிரில்லின் வெட்டு மூலைகள் நீலம் பாய்ந்து மழுங்கியிருந்தன. துளையின் அடியில் கண்ணாடி மாதிரி ஒரு பளபளப்பு.

அந்தப் பளபளப்புதான் விஷயம். 316எல் போன்ற ஆஸ்டெனிட்டிக் வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தேய்க்கத் தேய்க்க இறுகும். வெட்டாமல் உரசினால் மேல்தோல் கெட்டியாகிவிடும், அடுத்த முறை டூல் அந்தக் கெட்டித் தோலைத்தான் வெட்டியாக வேண்டும். சூடும் வெளியேறாது. சாதாரண கார்பன் ஸ்டீலின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்கு 50 வாட் அளவில் இருக்கும், 316-க்கோ சுமார் 16 மட்டுமே. அதனால் சூடு ஜாப்பிலும் (கடையும் பாகம்) சுருளிலும் பரவாமல் டூலின் முனையிலேயே தங்கிவிடுகிறது. பயிற்சியாளர் என் டிரில்லை வாங்கிப் பார்த்துவிட்டு, "தடவாதே, வெட்டு" என்று மட்டும் சொன்னார்.

அப்புறம் நான் பழகிய முறை இது. கூரான, பாசிட்டிவ் ரேக் (வெட்டு முகம் பின்னோக்கிச் சாய்ந்தது) உள்ள இன்சர்ட், அதாவது டூலில் மாற்றி மாட்டும் வெட்டு முனை. டூல் ஜாப்பைத் தொடுவதற்கு முன்பே கூலன்ட் ஓட வேண்டும். ஒவ்வொரு வெட்டும் முந்தைய வெட்டில் இறுகிய தோலுக்குக் கீழே போகும் அளவுக்கு ஆழமும் ஃபீடும் இருக்க வேண்டும். வெட்டு நடக்கும்போது ஃபீடை நிறுத்தக் கூடாது, நிறுத்தத்தான் வேண்டும் என்றால் டூலை விலக்கிவிட்டு நிறுத்துங்கள். ஃபினிஷிங்கிற்கு மயிரிழை அளவுக்கு மிச்சம் வைப்பது மைல்டு ஸ்டீலில் சரி, இங்கே அது வெறும் உரசலாகிவிடும்.

தேர்வில் ஸ்பீடு கணக்கு பெரும்பாலும் வரும். வெட்டு வேகம் நிமிடத்துக்கு 120 மீட்டர், விட்டம் 40 மில்லிமீட்டர் என்றால், 1000 × 120-ஐ 3.14 × 40-ஆல் வகுக்க சுமார் 955 ஆர்பிஎம். கணக்கோடு நிறுத்தாமல், "வேகத்தைக் கூட்டினால் முனை சீக்கிரம் எரியும், ஃபீடைக் குறைத்தால் தோல் இறுகும்" என்று ஒரு வரி காரணமும் எழுதுங்கள். வெறும் எண் எழுதியவரையும் லேத்தில் நின்றவரையும் அந்த வரி பிரித்துக் காட்டிவிடும்.

எனக்குப் பிடித்த கேள்வி: சுலபமாகக் கடையக்கூடிய 303 என்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இருக்க, கடலுக்கும் மருத்துவத்துக்கும் ஏன் 316எல்? 303-இல் வேண்டுமென்றே கந்தகம் சேர்க்கிறார்கள், குறைந்தது 0.15 சதவீதம். அது மாங்கனீசு சல்ஃபைடு துணுக்குகளாக நின்று சுருளை உடைக்கும், கடைசல்காரருக்கு நிம்மதி. உப்புத் தண்ணீரில் குழி அரிப்பு தொடங்குவதும் அதே துணுக்குகளில்தான். உடலுக்குள் பொருத்தும் பாகங்களுக்காக அமெரிக்கத் தர அமைப்பான ஏஎஸ்டிஎம் வகுத்த எஃப்138 தரத்தில் கந்தகம் 0.01 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதாவது பொருள் எவ்வளவு சுத்தமோ, சுருள் அவ்வளவு நீளமாக, நார் நாராக வந்து, ராடைப் பிடித்திருக்கும் சக்கில் சுற்றிக்கொள்ளும். சிப் பிரேக்கர் (சுருளை உடைக்கும் பள்ளம்) உள்ள இன்சர்ட் எதற்கு என்பதற்கும் இதுவே பதில்.



இன்னொரு அனுபவம். அளவெல்லாம் சரியாக வந்த ஒரு ஜாப்பின் பர்ரை, அதாவது ஓரத்தில் நின்ற பிசிரை, மேஜையில் கிடந்த அரத்தால் தேய்த்து எடுத்தேன். அதே அரத்தில்தான் காலையில் மைல்டு ஸ்டீல் தேய்த்திருந்தார்கள். ஜாப்பை உப்புத் தண்ணீரில் போட்டு வைத்தேன். மறுநாள் பர் எடுத்த ஓரம் முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். துருப்பிடித்தது 316எல் அல்ல, அரம் அதில் அப்பிவிட்டுப் போன இரும்புத்தூள். ஆனாலும் அந்த இடத்தில் குரோமியம் ஆக்சைடு படலம் ஒழுங்காக உருவாகாது, துருவைத் தடுப்பது சில நானோமீட்டர் தடிமனே உள்ள அந்தப் படலம்தான். அன்றிலிருந்து ஸ்டெயின்லெஸ்ஸுக்கு என் பையில் தனி அரம், தனி பிரஷ். முடிந்த பாகத்தை எண்ணெய்ப் பசை போகக் கழுவி, நைட்ரிக் அல்லது சிட்ரிக் அமிலத்தில் பாசிவேஷன் செய்வதும் இந்த ஒட்டிய இரும்பைக் கரைத்து எடுக்கத்தான். ஏஎஸ்டிஎம் ஏ967 சொல்லும் சிட்ரிக் கரைசல் 4 முதல் 10 சதவீதம். எண்ணெய் போகாமல் அமிலத்தில் போட்டால் பயனில்லை, இதை விடையில் கட்டாயம் எழுதுங்கள்.

செய்முறைத் தேர்வு அன்று தேர்வாளர் என் பாகத்தைக் கையில் உருட்டிப் பார்த்தார். மைக்ரோமீட்டரை அப்புறம்தான் எடுத்தார். "அளவு இருக்கட்டும், இதை இப்படியே கடலுக்கு அனுப்பலாமா?" என்று கேட்டார். துளையின் வாயருகே சூட்டில் லேசாக வைக்கோல் நிறம் ஏறியிருந்ததைக் காட்டி, "இந்த நிறத்தை எடுத்துவிட்டு, கழுவி, பாசிவேஷன் செய்த பிறகு அனுப்பலாம்" என்றேன். "நிறம் எப்படி வந்தது?" என்றார். அந்த இடத்தில் ஃபீடு ஒரு நொடி நின்றுவிட்டதைச் சொன்னேன். தலையசைத்து எழுதிக்கொண்டார்.