பன்னி ஊசி போடுற ஆளுகளுக்கு

தோட்டத்து லயத்துக்குப் பின்னால கொட்டில் போட்டு பன்னி வளக்குற நம்ம ஆளுகளுக்குத்தான் இது. பன்னி ஒரு வேள தீனி திங்காட்டி போதும், பக்கத்து வீட்டுல மிச்சமிருந்த அன்டிபயோடிக் ஊசி மருந்த வாங்கி அளவும் தெரியாம காதுக்குப் பின்னால ஏத்திட்டு, மறுநாள் எந்திரிச்சு தின்னுச்சுன்னா மருந்த நிப்பாட்டிடுறது, அடுத்த தடவ அதே மருந்து வேல செய்யலன்னா டொக்டர திட்டுறது. சாகாத கிருமி மருந்துக்குப் பழகிரும்ண்ணே, சொன்ன நாள் வரைக்கும் போடணும். ஊசி போட்ட கையோட நத்தாருக்கு வெட்டுறதும் கூடாது, எத்தன நாள் கழிச்சு வெட்டலாம்னு மிருக வைத்தியர்கிட்ட கேளுங்க.

2024 கடைசில நம்ம இலங்கைல புடிச்ச ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வைரஸால வர்றது, அதுக்கு அன்டிபயோடிக் ஒண்ணும் பண்ணாது. மனுசருக்குத் தொத்தாது, ஆனா கொட்டிலையே காலி பண்ணிரும். நுவரெலியா ஹோட்டல் எச்சிச்சோத்த வாளி வாளியா கொண்டு வர்றீங்களே, அதுல நோய் புடிச்ச பன்னி இறைச்சி ஒரு துண்டு கெடந்தா போதும், அடுப்புல வச்சு கிண்டிக்கிட்டே அரை மணித்தியாலமாச்சும் நல்லா கொதிக்க வைங்க, சும்மா சுடுதண்ணி ஊத்துறது சரிவராது. கொட்டிலுக்குன்னு தனியா ஒரு ஜோடி பூட்ஸ் வைங்க, பன்னி யாவாரி வந்தா வெளியவே நிக்கச் சொல்லுங்க, கோவிச்சா கோவிக்கட்டும். செத்தத ஆத்துல மட்டும் தள்ளாதீங்கப்பா, கீழ் டிவிசன்ல அந்தத் தண்ணியத்தான் குடிக்கிறாங்க.