ஸ்லிம் கேஸுக்குப் பவர் சப்ளை, கிராஃபிக்ஸ் கார்டு: சுங்கை சிப்புட்டில் பட்ட பாடு

ஒல்லியான கணினிப் பெட்டிக்கு, அதாவது ஸ்லிம் கேஸுக்கு, அகலம், உயரம், நீளம் என்ற மூன்று அளவுகளைக் கேட்டு வாங்காமல் பவர் சப்ளைக்குப் பணம் கட்டாதீர்கள். "ஸ்லிம் கேஸுக்குப் பொருந்தும்" என்று விற்பனைப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கூரியரில் வந்திறங்கியது எஸ்எஃப்எக்ஸ் என்ற அளவு வகை: 125 மி.மீ. அகலம், 63.5 உயரம், 100 நீளம். கேஸில் இருந்த இடமோ டிஎஃப்எக்ஸ் என்ற வேறு அளவு வகைக்கு உரியது: 85 அகலம், 65 உயரம், 175 நீளம். உயரம் ஏறக்குறைய ஒன்று என்பதால் படத்தில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். கேட்டதற்கு விற்பனையாளர் தந்த பதில், "வாட் சரியாகத்தானே இருக்கிறது!" ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. கோலாலம்பூரில் இருப்பவர் லோ யாட் கணினிக் கடைத்தொகுதிக்குப் போய்க் கையில் பிடித்துப் பார்த்து வாங்கலாம். சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புறச் சிறு பட்டணத்தில் ஒரு தவறான சாமான் வந்தால் திருப்பி அனுப்பும் செலவும் காத்திருப்பும் நம் தலையில்தான்.

பணம் திரும்பியது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொட்டலத்தைப் பிரிக்கும்போதே காணொளி எடுத்தது உதவியது. பக்கத்தில் ஸ்கேலை வைத்து எடுத்த படத்தையும் அனுப்பி, மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போடப்போவதாக ஒரு வரி எழுதினேன். மனுக் கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரைக்கும் கோரலாம், வக்கீல் தேவையில்லை. அதற்குப் பிறகு மறுபேச்சு இல்லாமல் பணம் வந்தது.

அளவு சரியானாலும் அடுத்த கண்ணி, பவர் சப்ளை ஒயரை மதர்போர்டில் செருகும் கனெக்டர். அலுவலகத்தில் கழித்துவிட்ட கணினிகளை வாங்குகிறவர்கள் பலர் இதில் மாட்டுகிறார்கள். டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010-இல் வழக்கமான 24 பின், அதாவது 24 ஊசி உள்ள கனெக்டர். அதற்கு அடுத்து வந்த 9020-இல் 8 பின். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே கறுப்புப் பெட்டி. 8 பின்தானே என்று பிராசசருக்கான 8 பின் ஒயரையோ கிராஃபிக்ஸ் கார்டுக்கான 8 பின் ஒயரையோ அதில் அழுத்திச் செருகவே கூடாது. பின் வரிசை வேறு, போர்டு போய்விடும். 24 பின்னிலிருந்து மாற்றும் அடாப்டர் விற்கிறது. உங்கள் கணினியின் மாடல் எண்ணைச் சொல்லித்தான் வாங்க வேண்டும். சில போர்டுகள் ஸ்டான்ட்பைக்கும், அதாவது அணைத்திருக்கும்போது ஓடும் சிறு மின்சாரத்துக்கும், 12 வோல்ட் கேட்கும். கடையில் கிடைக்கும் சாதாரண ஏடிஎக்ஸ் வகை பவர் சப்ளை தருவது 5 வோல்ட். அதை உயர்த்தும் சின்ன சர்க்யூட் இல்லாத அடாப்டரைப் போட்டால் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் உயிர் வராது. பவர் சப்ளை கெட்டுவிட்டது என்று அதையும் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

வாட் கணக்குக்கு வருவோம். கடைகளில் "450 வாட் இல்லாமல் கார்டே ஓடாது" என்பார்கள். நம்பவேண்டாம். கார்டைச் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தருவது மொத்தம் 75 வாட். ஜிடிஎக்ஸ் 1650-இன் லோ புரொஃபைல் எனும் குட்டை வகை, 70 வாட்டில் ஓடும் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி, 53 வாட் ஆர்எக்ஸ் 6400 எல்லாம் அதற்குள் அடங்குகிறவை. நான்காம் தலைமுறை ஐ5 பிராசசர் 84 வாட், கார்டு 75, டிஸ்க்கும் ஃபேனும் சேர்த்து இன்னொரு 25 வைத்தாலும் 184 வாட். 9020-உடன் வரும் 255 வாட் பவர் சப்ளை நல்ல நிலையில் இருந்தால் அதை மாற்றவே தேவையில்லை. விளையாட்டு ஓடும்போது சட்டென்று அணைந்து போனால்தான் மாற்றுங்கள். அப்போதும் பார்க்கவேண்டியது லேபிளில் 12 வோல்ட் வரிசையில் போட்டிருக்கும் ஆம்பியர். மேலே 300 வாட் என்று பெரிதாக இருக்கும். கீழே 12 வோல்ட்டுக்கு 14 ஆம்பியர் என்றிருந்தால் நமக்குக் கிடைப்பது 168 வாட்தான். 12 வோல்ட் இரண்டு வரியாகப் பிரிந்திருந்தால் இரண்டையும் கூட்டாமல், சேர்த்து எவ்வளவு என்று போட்டிருப்பதைப் பாருங்கள்.

பவர் சப்ளையிலிருந்து தனியாக 6 பின் ஒயர் கேட்கும் கார்டை இந்த மாதிரி கேஸுக்கு வாங்கவே வேண்டாம். ஜிடிஎக்ஸ் 1650-இலேயே அப்படிப்பட்ட கார்டுகள் உண்டு. "ஒரு சாட்டா ஒயரை (டிஸ்க்குக்கு மின்சாரம் தருவது) 6 பின்னாக மாற்றிக்கொள்ளலாம்" என்று அடாப்டரைக் கையில் திணிப்பார்கள். சாட்டா கனெக்டர் 12 வோல்ட்டில் தாங்குவது 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். 6 பின் கேட்கக்கூடியதோ 75 வாட். கனெக்டர் உருகும், தீயும் பிடிக்கும்.

கார்டில் பிராக்கெட்டை, அதாவது கேஸின் பின்பக்கம் திருகும் தகட்டை, கவனியுங்கள். முழு உயரத்துக்கு 120 மி.மீ., லோ புரொஃபைலுக்கு ஏறக்குறைய 80. குட்டை பிராக்கெட் பெட்டிக்குள் இருக்கிறதா என்று முன்பே எழுதிக் கேளுங்கள். பழைய கார்டு விற்பவர்கள் அதைத் தொலைத்துவிட்டிருப்பார்கள். கார்டு உட்காரும் எக்ஸ்16 ஸ்லாட் பவர் சப்ளையை ஒட்டி இருந்தால் இரண்டு ஸ்லாட் அகலக் கார்டு நுழையாது. ஆர்எக்ஸ் 6400-க்கு இன்னொரு குறை: தரவு ஓடும் தடம் (லேன்) நான்கேதான். ஜென் 3, அதாவது மூன்றாம் தலைமுறை, ஸ்லாட் உள்ள பழைய போர்டில் வேகம் குறையும்.

பொருத்துவது பெரிய வேலையில்லை: பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றி, பிறகு கை வையுங்கள்.

முடித்து ஆன் செய்தால் திரை கறுப்பு. கார்டு செத்துவிட்டது என்று பதறவேண்டாம். கார்டைக் கண்டதும் பல போர்டுகள் தம் சொந்த விஜிஏ வெளியீட்டை நிறுத்திவிடும், பழைய மானிட்டர் அதில்தான் சொருகியிருக்கும். புதிய கார்டுகளில் அனலாக் வெளியீடு கிடையாது. சிக்னலை உண்மையிலேயே மாற்றித் தரும் எச்டிஎம்ஐ-விஜிஏ அடாப்டர் வேண்டும். ஒயர் மட்டும் உள்ள மலிவுக் கேபிள் வேலை செய்யாது. அதற்கும் வரவில்லை என்றால் பயாஸ் எனும் தொடக்க அமைப்புத் திரையில், பூட் முறை லெகசி (பழைய முறை) என்றிருப்பதை யூஇஎஃப்ஐ-க்கு (புதிய முறை) மாற்றிப் பாருங்கள். விண்டோஸை லெகசியில் நிறுவியிருந்தால் முதலில் டிஸ்க்கின் பகிர்வு முறையை ஜிபிடி-க்கு மாற்றவேண்டும், இல்லாவிட்டால் பூட் ஆகாது.

கழற்றிய பவர் சப்ளை வேலை செய்வதாக இருந்தால் எறிந்துவிடாதீர்கள். இடி மின்னலில் புதியது போனால் அதுதான் கைகொடுக்கும். அதன் லேபிளில் உள்ள பார்ட் நம்பரைப் படமெடுத்து வையுங்கள். அதே கேஸுக்கு மாற்று வாங்க, வாட்டையும் விளம்பரத்தையும்விட அந்த எண் நம்பகமானது.