அம்பாசடர் 1489: பின்பக்கக் கசிவும் பேக் கம்ப்ரஷனும்

என் அம்பாசடர் காரில், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் பெல் ஹவுசிங்கின் அடித்துளையிலிருந்து ஆயில் சொட்டுவது, கியர்பாக்ஸை இறக்காமலேயே பெரும்பாலும் நின்றுவிட்டது. பின் ஆயில் சீல் போய்விட்டது என்றும் கியர்பாக்ஸை இறக்கியே தீர வேண்டும் என்றும் பட்டறையில் அடித்துச் சொல்லியிருந்தார்கள். கிராங்கை மூன்று மெயின் பேரிங் தாங்கும் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினில் அந்த இடத்தில் ரப்பர் சீலே கிடையாது. கிராங்கில் வெட்டப்பட்ட மரைதான் சுழலும்போது ஆயிலைச் சம்புக்குள் (அடியிலுள்ள ஆயில் தொட்டிக்குள்) திருப்பி இழுக்கிறது. இதே குடும்பத்து இன்ஜினை 1964-இல் எம்.ஜி.பி. காருக்காக ஐந்து பேரிங்குக்கு மாற்றியபோதுதான் அங்கே சீல் வந்தது. மரை ஆயிலை இழுக்குமே தவிர, காற்றைத் தடுக்காது; பிஸ்டன் ரிங்கைத் தாண்டி வாயு கீழே இறங்கி (இதைத்தான் பேக் கம்ப்ரஷன் என்பார்கள்) சம்புக்குள் அழுத்தம் ஏறினால் ஆயில் அந்த வழியாகத்தான் வெளியேறும்.

இன்ஜினை டீசல் விட்டுக் கழுவி, உலர்த்தி, முகப்பவுடர் தூவி ஓட்டிப் பார்த்ததில், டேப்பெட் பக்கக் கவரின் மூலையிலும் ஈரம் தெரிந்தது. இரண்டு இடங்களிலும் ஒரே சமயத்தில் கசிந்ததால், அழுத்தத்தை அளக்காமல் எதையும் கழற்றுவதில்லை என்று முடிவு செய்தேன்.

டிப்ஸ்டிக் துளையில் ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாயை இறுக்கமாகச் செருகி, மறுபாதியை 'யு' வடிவில் பலகையில் கட்டி, சாயம் கலந்த தண்ணீர் ஊற்றினேன். பலகை இன்ஜினை விடத் தாழ்வாகவும் குழாய் நல்ல நீளமாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் சம்புக்குள் போய்விடும். தண்ணீர் ஓயாமல் துடிக்கும் என்பதால், குழாயை ஓரிடத்தில் கிளிப் போட்டுப் பாதி நசுக்கினால்தான் அளவு நிலைக்கும். ஒரு பக்கம் ஏறிய உயரத்தை மட்டும் பார்த்தால் பாதி அளவுதான் கிடைக்கும். இரு மட்டங்களுக்கும் இடையிலான வித்தியாசமே உண்மையான அழுத்தம். ஐடிலில் 35 மி.மீ., வேகம் கூட்டியபோது 90 மி.மீ. காட்டியது.

சம்புக்குள் சேரும் வாயுவை வெளியேற்ற, பக்கக் கவரிலிருந்து கீழே இறங்கும் பிரீதர் குழாயைக் கழற்றியபோது காரணம் கையில் கிடைத்தது: வளைவு முழுவதும் வண்டி மை போல இறுகிய கசடு, நடுவில் பென்சில்கூட நுழையாத துளை. மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்து, கம்பி பிரஷால் தேய்த்து மாட்டிய பிறகு ஐடிலில் 6 மி.மீ., வேகத்தில் 30 மி.மீ.

அந்த 30 மி.மீ. எனக்குத் திருப்தி தரவில்லை. கம்ப்ரஷன் பார்த்ததில் மூன்றாம் சிலிண்டர் 95 பி.எஸ்.ஐ., மற்றவை 120-ஐ ஒட்டி. பிளக் துளை வழியே கொஞ்சம் ஆயில் விட்டுப் பார்த்தபோது ஆயில் ரிங் இடைவெளியை அடைத்து மூன்றாவது 115-க்கு ஏறியதால், வால்வு அன்று, ரிங்தான் தேய்ந்திருக்கிறது.

பக்கக் கவர் நடுவில் ஒரே போல்ட்டால் பிடிக்கப்படுவது; அதை முறுக்கித் தள்ளினால் தகடு உள்வாங்கி மூலைகள் தூக்கிக்கொள்ளும். என் கவரின் மூலைகளைத் தட்டையான கட்டை மேல் வைத்துத் தட்டி நேராக்கிவிட்டேன். சென்னை ஜி.பி. ரோட்டில் கிடைக்கும் கார்க் பேக்கிங்கில் மடக்கினால் விரிசல் விடாத சரக்காகப் பார்த்து வாங்க வேண்டும். பழைய ஸ்டாக் பொடிந்துபோகிறது. அது வரும்வரை பழைய பேக்கிங்கிலேயே அனபாண்ட் பசை தடவி ஓட்டுகிறேன். ரிங் செட்டுக்கும் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) அளவு பார்த்த பிறகுதான் ஸ்டாண்டர்டா ஓவர்சைஸா என்று தெரியும்.