மூன்று வயதுக் குழந்தையின் ஓட்டத்தை அளப்பது

மழலையர் வகுப்புப் பிள்ளைகள் ஒரு நாளில் எவ்வளவு ஓடியாடுகிறார்கள் என்று அளக்கும் ஆய்வில், கருவியைக் கட்டிவிடுவதும் தரவை இறக்கிப் பார்ப்பதும் என் வேலை. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் நாளைக்கு 180 நிமிடமாவது உடலசைவோடு இருக்க வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஆட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. வீட்டில் கேட்டால், "நாள் முழுக்க ஓடிக்கிட்டேதான் இருக்கான்" என்பார்கள். அதை வைத்து நிமிடக் கணக்கு போட முடியாது.

கருவி என்றால் தீப்பெட்டி அளவுள்ள, அசைவை அளக்கும் ஆக்சிலரோமீட்டர். எலாஸ்டிக் பட்டையில் கோத்து இடுப்பில் கட்டுவோம். மணிக்கட்டில் கட்டினால் பிள்ளைகள் அதிகம் கழற்ற மாட்டார்கள். ஆனால் உட்கார்ந்து வண்ணம் தீட்டினாலும் அசைவு ஏறும். இடுப்பில் கட்டினால் சைக்கிள் மிதிப்பது சரியாகப் பதிவாகாது. யோசித்துத்தான் இடுப்பைத் தேர்ந்தெடுத்தோம். திரை இல்லாத கருவியாக இருந்ததும் நல்லது. எண் தெரிந்தால் அதைப் பார்க்கவே சிலர் ஓடுவார்கள்.

ஒரு சிறுமி பட்டையைக் கழற்றித் தன் பொம்மைக்குக் கட்டிவிட்டாள். வரைபடத்தில் அந்த மதியம் ஒரே தட்டைக் கோடு. தொடர்ந்து 20 நிமிடம் பூஜ்யம் வந்தால் கருவி உடம்பில் இல்லை என்று ஒதுக்குவது பல ஆய்வுகளில் வழக்கம். ஆனால் மதியத் தூக்கமும் அப்படித்தானே தெரியும்? அவள் அம்மா குறிப்பேட்டில், "சாப்பிட்டதும் பொம்மைக்குப் போட்டுவிட்டாள், தூங்கவில்லை" என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரி இல்லையென்றால் குழம்பியிருப்போம்.

எனக்கு முக்கியமாகப் படுவது, அசைவை எத்தனை நொடிக்கு ஒருமுறை கூட்டிப் பார்க்கிறோம் என்ற நேர இடைவெளி. பெரியவர்கள் சேர்ந்தாற்போல அரை மணி நேரம் நடப்பார்கள். குழந்தை நாலு எட்டு ஓடும், நின்று எறும்பைப் பார்க்கும், மறுபடி ஓடும். 1995-இல் 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளை நேரில் கவனித்த ஆய்வில், தீவிர ஆட்டம் ஒரு தடவைக்கு நீடித்த இடைநிலை நேரம் 3 நொடிதான். நிமிடத்துக்கு ஒரு கூட்டுத்தொகை எடுத்தால் அந்த ஓட்டமெல்லாம் கரைந்துவிடும். துறுதுறுவென்று திரிந்த ஒரு பையனின் கோப்பை அப்படித் திறந்தபோது மந்தமான பிள்ளை மாதிரி தெரிந்தான். அதையே 15 நொடியாக மாற்றினேன். மேடு மேடாக எழுந்தது.

எவ்வளவு அசைவை மிதம், எவ்வளவைத் தீவிரம் என்று பிரிக்கிற வரம்பையும் பார்க்க வேண்டும். ஆக்டிகிராஃப் என்ற ஆக்சிலரோமீட்டர் வகைக்கு, 3 முதல் 5 வயதினரை வைத்து 2006-இல் வெளியான வரம்பு, 15 நொடிக்கு 420 கவுண்ட் (கருவி அசைவைக் கணக்கிடும் அலகு) முதல் மிதமான அசைவு, 842 முதல் தீவிரம் என்கிறது. பெரியவர்களுக்கான வரம்பை இவர்கள்மேல் போடவே கூடாது. அப்புறம், கச்சாத் தரவை அழிக்காமல் வையுங்கள். நிமிடக் கூட்டுத்தொகையை மட்டும் வைத்திருந்தால், அதை மறுபடி 15 நொடியாகப் பிரிக்க வழியில்லை.