கடலூர்ப் புழுக்கத்தில் பயறு முளைகட்டியது: மூன்று பாத்திரம், 36 மணி நேரம்

பச்சைப்பயறு 300 கிராம், மூன்று சம பங்கு. ஒரு பங்கு ஈரத்துணியில் மூட்டை கட்டி ஹாட்பாக்ஸுக்குள். இன்னொன்று அகலவாய்க் கண்ணாடி பாட்டிலில், வாய்க்குப் பழைய வேட்டித் துணியும் ரப்பர் பேண்டும். மூன்றாவது ஓட்டையுள்ள வடிதட்டில் ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி, மேலே ஈரத்துணி. இடம் கடலூர், மாதம் புரட்டாசி. மழை இன்னும் இறங்காத புழுக்கம். சமையலறை மேடையில் பகலில் 32 டிகிரி, விடியற்காலையில் 27.

மளிகைக்கடைப் பயறே போதும். விதைக்கென்று சாயம் ஏற்றி விற்கிற பயறு பூஞ்சாணக்கொல்லி கலந்தது. எத்தனை தண்ணீர் மாற்றிக் கழுவினாலும் வாயில் வைக்க ஆகாது. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் சம்பா அறுத்த தரிசில் விளைகிற பயறு கிடைத்தால் நல்லதுதான். ஆனால் களத்திலிருந்து நேரே வந்ததில், எத்தனை ஊறினாலும் கல்லாகவே கிடக்கிற கல்பயறு கூடுதலாக இருப்பதுண்டு. வருஷம் தாண்டிய பழைய பயறு முளைப்பது முன்னே பின்னே ஆகும். முளைக்காமல் கிடப்பதுதான் முதலில் ஊசிப்போய், பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். அதனால் உடைசல், வண்டு துளைத்தது, தண்ணீரில் மிதப்பது எல்லாம் ஊறவைக்கும் முன்பே வெளியே.

இரவு 9 மணிக்கு ஊறவைத்து, காலை 5 மணிக்கு வடித்தது. 100 கிராமுக்கு 400 மில்லி தண்ணீர். சித்திரை வெயிலில் 6 மணி நேரமே போதும், மார்கழியில் 10 வரை விடலாம். அதற்கு மேல் விட்டால் விதைக்கு மூச்சு முட்டும். உள்ளிருக்கும் சர்க்கரை கசிந்து தண்ணீரில் நுரை கட்டும், புளித்த வாடை வரும். வடித்ததும் எடை 100 கிராமுக்கு ஏறக்குறைய 205. இந்த நேரத்தில் எவர்சில்வர் தட்டில் கொட்டி ஒரு குலுக்கு குலுக்கினால், ஊறாத கல்பயறு ‘கிணுகிணு’ என்று தனியாகச் சத்தம் போடும். சின்னதாக, கருத்துப் பளபளவென்று இருக்கும். தோல் தண்ணீரை உள்ளே விடாத விதை அது. இப்போது பொறுக்காவிட்டால் சுண்டலில் பல்லைப் பதம் பார்க்கும்.

தண்ணீர் விஷயத்தில் கடலோரத்துக்கு இரண்டு தொல்லை. உப்புக் கரிக்கும் போர் தண்ணீரில் பயறு மெதுவாக ஊறும், முளையும் சீராக வராது. ஊறவைக்கக் குடிதண்ணீர், அலச மட்டும் வேண்டுமானால் போர் தண்ணீர். அடுத்தது மொட்டைமாடி டேங்க். மதியம் 2 மணிக்குக் குழாயைத் திறந்தால் கை வைக்க முடியாத சூடு. அதைப் பயறில் ஊற்றினால் முளை வெந்துபோகும். காலையிலேயே ஒரு பக்கெட் பிடித்து நிழலில் வைத்துக்கொள்வது நல்லது.

மதியம் 1 மணிக்கு மூன்றையும் திறந்து பார்த்தது. ஹாட்பாக்ஸ் முந்திக்கொண்டது: எல்லாப் பயறிலும் வெள்ளை மூக்கு. மற்ற இரண்டிலும் பாதிதான். நிறைய பேர் ஹாட்பாக்ஸைச் சிபாரிசு செய்வது இதனால்தான் போலிருக்கிறது. ஆனால் மறுநாள் காலை 5 மணிக்கு மூடியைத் திறந்ததும் முகத்தில் வெக்கை அடித்தது. மூட்டை நடுவில் 38 டிகிரி. முளைக்கிற விதை மூச்சு விடும்போது தானே சூட்டைக் கிளப்பும். டப்பா அதை வெளியே விடாமல் அடைகாக்கும். அடியில் இருந்த பயறு கொழகொழத்து, விரலில் நூல் நூலாக வந்தது. முழுவதும் குப்பைக்கு. ஊட்டிக் குளிருக்குச் சரி, நம் ஊர்ப் புழுக்கத்துக்கு ஹாட்பாக்ஸ் வேண்டாம்.

பாட்டிலில் வேறு சிக்கல். வேட்டித் துணி நனைந்ததும் அதன் இழை இடுக்கில் தண்ணீர் படலமாக நின்று, கவிழ்த்தாலும் வடியவில்லை. இரண்டாவது அலசலுக்குப் பிறகு துணியை எடுத்துவிட்டுக் கொசுவலைத் துண்டு கட்டியதும் மளமளவென்று வடிந்தது. பாட்டிலைப் பாத்திரக் கூடையில் சாய்த்துக் கவிழ்த்து வைக்க வேண்டும், நேர்குத்தாக அல்ல. இல்லையென்றால் பயறு மொத்தமும் வாயில் வந்து அடைத்துக்கொள்ளும். பாட்டிலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊறிய பயறு போடக்கூடாது.

வடிதட்டுதான் ஜெயித்தது. காலை 6, மதியம் 1, மாலை 6, இரவு 10 என்று நான்கு அலசல். மின்விசிறிக்கு நேரே வைத்தபோது மேல்வரிசை காய்ந்ததைத் தவிர வேறு குறை இல்லை. வடித்ததிலிருந்து 36 மணி நேரத்தில் முளை ஒன்றரை சென்டிமீட்டர், எடை 270 கிராம். இந்த ஊர்க் காற்றில் ஈரம் தானாகவே இருக்கிறது. பயறு கெடுவது தண்ணீர் போதாமல் அல்ல, போன தண்ணீர் வடியாமல். எறும்புக்கு, தட்டைத் தண்ணீர்க் கிண்ணத்தின் நடுவில் தூக்கி வைத்தால் போதும்.

வெள்ளைப் பஞ்சு மாதிரி தெரிந்தவுடன் பூஞ்சை என்று கொட்டிவிட வேண்டாம். கேழ்வரகிலும் முள்ளங்கி விதையிலும் வேர்த்தூவி அப்படித்தான் இருக்கும்: வேரை மட்டும் சுற்றி ஒரே அளவாக நிற்கும், தண்ணீர் பட்டதும் படிந்துவிடும். பூஞ்சை சிலந்திவலை போல விதைக்கு விதை தாவும், தோல்மேலும் ஏறும், முடைநாற்றம் வரும்.

மற்றவற்றில் கொள்ளு 12 மணி நேரம் ஊறி, இரண்டு நாளில் முளைக்கும், தொல்லை தராது. கறுப்புக் கொண்டைக்கடலை வெள்ளையைவிடத் தாங்கும், வெள்ளை சீக்கிரம் நாறும். வெந்தயத்துக்கு வழவழப்பு அதிகம், முதல் நாள் ஒரு அலசல் கூடவே வேண்டும். கேழ்வரகை மாவுக்கென்றால் முளை அரை சென்டிமீட்டர் தாண்டுவதற்குள் நிழலில் உலர்த்தி, கையால் தேய்த்து வேரை உதிர்த்து, லேசாக வறுத்து அரைக்கலாம். ராஜ்மா, மொச்சை, சோளம் மூன்றின் முளையையும் பச்சையாகத் தின்னக்கூடாது. ராஜ்மாவில் வாந்தி வரவைக்கும் லெக்டின். சோள முளையில் சயனைடு உண்டாக்கும் பொருள், மொச்சையிலும் அப்படியே.

புதுச்சேரியில் சாயோ என்கிற வியட்நாம் பொரித்த சுருள் செய்கிற வீடுகள் உண்டு. சைகோன் போய்வந்த குடும்பங்களோடு வந்த பண்டம். அந்த மாதிரிச் சமையலுக்கு நீளமான வெள்ளை முளை வேண்டும். அதற்கு முளைப்பாரி வளர்க்கிற அதே தந்திரம்: கும்மிருட்டு. மண் மட்டும் கிடையாது. அடியில் ஓட்டையுள்ள பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்கு முளைவிட்ட பயறு, மேலே துணி, அதன்மேல் தட்டு, தட்டின்மேல் ஒரு கிலோ கனம். அமுக்கம் பட்டால் முளை எத்திலீன் வாயுவைக் கூட்டும், தண்டு மெலிந்து நீளாமல் பருக்கும். கனம் வைக்காமல் இருட்டில் மட்டும் விட்டது நூல் போல வந்தது. ஐந்து நாள், தினம் ஐந்தாறு தடவை நிறையத் தண்ணீர். அலசும்போதும் வெளிச்சம் படக்கூடாது. பட்டால் பச்சை கட்டிக் கசக்கும்.

முளைக்கு ஏற்ற சூடும் ஈரமும் கிருமிக்கும் ஏற்றதுதான். 2011-இல் ஜெர்மனியில் 50 பேருக்கு மேல் செத்த ஈகோலைத் தொற்று வெந்தய முளை வழியாகப் பரவியது. சுத்தமான சமையலறை இதைத் தடுத்துவிடாது, கிருமி விதையோடேயே வரலாம். ஆகவே இட்லித் தட்டில் ஆவி வர 5 நிமிடம்; குழந்தை, கர்ப்பிணி, வயதானவர் சாப்பிடும் வீட்டில் இதில் சமரசம் கிடையாது. மீதியை ஃபிரிட்ஜில் வைக்கும் முன் கடைசி அலசலுக்குப் பின் 4 மணி நேரமாவது உலரவிட்டு, டப்பா அடியில் பருத்தித்துணி போட்டு மூடினால் மூன்று நாள் தாங்கும். ஈரத்தோடு மூடியது மறுநாளே வழுக்கியது.