மாற்று நிலையம்

நவம்பர் 6

விமானி மருத்துவச் சான்றுக்கு இன்றும் பதில் இல்லை.

நவம்பர் 7

டிஸ்பாட்ச் மேசையில் இரவுப் பணி: விமானங்களின் பாதையையும் எரிபொருளையும் தரையிலிருந்து திட்டமிடும் வேலை. மாலை வந்த முன்னறிவிப்பில் மூடுபனி என்ற பேச்சே இல்லை. எனக்கு நம்பிக்கை வரவில்லை. வெப்பநிலை 14, பனிநிலை (காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) 13, காற்று அசையவில்லை, வானத்தில் ஒரு மேகம் கிடையாது. தரை மளமளவென்று குளிரப்போகும் இரவுக்கு இதைவிட என்ன அடையாளம் வேண்டும்?

கணினி தேர்ந்தெடுத்திருந்த மாற்று நிலையம், அதாவது சேருமிடத்தில் இறங்க முடியாவிட்டால் போக வேண்டிய விமான நிலையம், சேருமிடம் இருக்கும் அதே பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது. ஒன்றில் பனி இறங்கினால் மற்றதிலும் இறங்கும். அதை நீக்கிவிட்டு மலைக்கு அப்பால் உள்ளதைப் போட்டேன். எரிபொருள் 900 கிலோ கூடியது. பணிப்பொறுப்பில் இருந்த அக்கா திரையை எட்டிப் பார்த்து, "காரணத்தைக் குறிப்பில் எழுதிவிடு" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவரிடம் எனக்குப் பிடித்ததே இதுதான்.

பிறகு கேப்டன் அழைத்தார். "அதோடு இன்னும் 500 கிலோ சேர்த்துவிடுங்கள் தம்பி." ஏன் என்று சொல்லவில்லை. நானும் சேர்த்துவிட்டேன்.

நவம்பர் 8

விடியற்காலை 5 மணிக்குப் பார்வைத்தூரம் 200 மீட்டர். பள்ளத்தாக்கு முழுவதும் அடைத்துக்கொண்டது. விமானம் பன்னிரண்டு நிமிடம் வட்டமடித்துக் காத்திருந்து பார்த்துவிட்டு, மலைக்கு அப்பால் போய் இறங்கியது. கணக்குச் சரி என்பதில் எனக்கொரு நிறைவு, அந்தப் பயணிகளின் நாளோ பாழ். இரண்டையும் ஒரே மனத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து படுத்தேன்.

அந்தப் பன்னிரண்டு நிமிடம் அவர் கேட்டு வாங்கிய 500 கிலோ. எப்படித் தெரிந்தது?

நவம்பர் 9

மாதக் கடைசியில் செய்யவேண்டிய வேலை, இன்றுதான் பறந்த நேரங்களை எழுதும் என் விமானிப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். போன மாதத்துக்கு எழுத ஒரு வரிகூட இல்லை.

"எப்படியாவது விமான நிறுவனத்துக்குள் நுழைந்துவிடு, மற்றது தானாக நடக்கும்" என்று எனக்குச் சொல்லாதவர்கள் குறைவு. பாதி உண்மை. வானிலை, எடை, ஓடுபாதை நீளம், பழுதான கருவியோடு எதுவரை பறக்கலாம் என்ற பட்டியல் எல்லாம் இந்த மேசையில் தினமும் கையில் புழங்குகின்றன. தேர்வுக்கு மனப்பாடம் செய்து மறந்தது இங்கே மறக்க முடியாததாகிவிட்டது. ஆனால் போக்குவரத்து விமானி உரிமத்துக்கு 1500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். இந்த நாற்காலியில் முதுகு ஒடிய உட்கார்ந்தாலும் அதில் ஒரு நிமிடம் ஏறாது. இதை அறிவுரை சொல்பவர்கள் சொல்வதில்லை.

இன்னொன்றையும் சொல்வதில்லை. மாதச் சம்பளம் பழகிவிடும். ஓரிரண்டு ஆண்டு இருந்துவிட்டுப் பறக்கப் போவதாக வந்தவர்கள் எங்கள் அறையிலேயே இருக்கிறார்கள். மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறார்கள். அதுதான் எனக்குப் பயம்.

நவம்பர் 10

அம்மா கேட்டார். "இன்னும் இல்லை" என்றேன். அப்பா தொலைபேசியை வாங்கவே இல்லை.

நவம்பர் 12

மீண்டும் அந்த 1990 விபத்து அறிக்கையில் போய் விழுந்துவிட்டேன். ஏவியாங்கா 52. பொகோட்டாவிலிருந்து மெடெலின் வழியாக நியூயார்க், போயிங் 707. ஜனவரி 25 இரவு, மோசமான வானிலை, மூன்று இடங்களில் காத்திருப்பு, மொத்தம் ஒன்றேகால் மணி நேரம். மாற்று நிலையம் பாஸ்டன். அதைப் பற்றி வாய் திறந்தபோது அங்கே போகும் அளவுக்கு எரிபொருள் மிஞ்சவில்லை. முதல் முறை இறங்க முடியாமல் மேலேறினார்கள். அடுத்த முயற்சிக்குள் எஞ்சின்கள் ஒவ்வொன்றாக நின்றன. 73 பேர் இறந்தார்கள்.

விமானிகள் அவசரநிலை என்று அறிவிக்காததைத்தான் எல்லோரும் பேசுவார்கள். என்னை உறுத்துவது அறிக்கையின் வேறொரு வாக்கியம்: தரையில் இருந்த டிஸ்பாட்ச் உதவியைக் குழுவினர் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பதும் துணைக் காரணங்களில் ஒன்று. வட்டமடித்த அந்த நேரம் முழுவதும் யாரேனும் ஒருவர் மேசையிலிருந்து "பாஸ்டனுக்குப் போக வேண்டுமானால் இந்த நிமிடமே திரும்புங்கள்" என்று சொல்லியிருக்கலாம். நாங்கள் இருப்பதே அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான்.

ஜெட் விமானம் தரை தொடும்போது தொட்டியில் 30 நிமிட எரிபொருள் மிஞ்ச வேண்டும். திட்டம் போடும்போது அதைத் தொடும் உரிமை யாருக்கும் இல்லை. தாளில் அந்த எண்ணைக் கடக்கும்போதெல்லாம் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் போகிறேன்.

நவம்பர் 14

இதயத் துடிப்பைப் பதிவுசெய்யும் கருவியின் கம்பிகளை நெஞ்சில் ஒட்டி அனுப்பிவிட்டார்கள். 24 மணி நேரம். கூடவே ஒரு சின்னக் குறிப்பேடு: எப்போது படியேறினீர்கள், எப்போது படபடப்பு வந்தது என்று நேரம் போட்டு எழுத வேண்டுமாம். விடுப்பு எடுக்கவில்லை. வேண்டுமென்றேதான் பணிக்கு வந்தேன்.

01:10. பாதையில் இடிமேகம், விமானத்துக்கு மாற்றுப் பாதை அனுப்பினேன்.
01:25. படபடப்பு இல்லை.
02:50. ஓடுபாதை மூடல் அறிவிப்பு திடீரென்று வந்தது. மூன்று விமானங்கள் வழியில்.
03:05. படபடப்பு இல்லை. (உண்மை.)
03:40. மின்னஞ்சல் பார்த்தேன்.
03:41. இருக்கிறது.

நவம்பர் 15

கருவியைத் திருப்பிக் கொடுத்தேன். பசை ஒட்டிய இடங்களில் தோல் வட்டவட்டமாகச் சிவந்து அரிக்கிறது.

நவம்பர் 18

காக்பிட்டின் பின் இருக்கையில் இன்று. ஆண்டுக்கு ஒரு முறையாவது நாங்கள் கவனிக்கும் பாதையில் விமானி அறையில் உட்கார்ந்து பறக்க வேண்டும் என்பது விதி. யாருடன் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தால், 500 கிலோ கேப்டன்.

நான் அனுப்பும் தாள் அங்கே எப்படிப் படிக்கப்படுகிறது என்பதை முதல்முறையாக அருகிலிருந்து பார்த்தேன். மூடல், தடை, பழுது பற்றிய விமான அறிவிப்புகள் மட்டும் முப்பது பக்கத்துக்கு மேல். துணை விமானி பேனா முனையை ஓட்டிக்கொண்டே வந்து இரண்டே இரண்டு இடத்தில் வட்டம் போட்டார்: விமானம் ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் டாக்ஸி பாதை ஒன்று மூடல், இறங்க வழிகாட்டும் அணுகு விளக்கு ஒன்று வேலை செய்யவில்லை. மற்றவை அவர்களுக்குப் பயன்படாதவை: ஏதோ கிரேன்களும் புல்வெட்டும் பணிகளும். இனி அந்த இரண்டையும் நானே மேலே தூக்கி வைப்பேன்.

ஒவ்வொரு வழிப்புள்ளியிலும் மீதி எரிபொருளை என் எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதினார்கள். 60 கிலோ கூடுதல். 40 கூடுதல். 110 குறைவு. அந்த 110 வந்ததும் என் கழுத்து நிமிர்ந்துவிட்டது. கேப்டன் திரும்பிப் பார்க்காமலே, "எதிர்க்காற்று தம்பி, உங்கள் கணக்கு அல்ல" என்றார்.

இறங்கிய பிறகு கேட்டுவிட்டேன். அன்றைக்கு ஏன் 500?

"முதல் நாள் சாயங்காலம் அங்கேதான் இறங்கினேன். ஓடுபாதையைச் சுற்றி வயல் எல்லாம் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது."

அவ்வளவுதான். மழை பெய்தது என் திரையிலும் இருந்தது. மூடுபனிக்கு ஈரம் கொடுக்கும் அந்த வயல் தண்ணீர் எந்த வானிலை அறிக்கையிலும் வராது.

"நீங்கள் எப்போது இந்தப் பக்கம் வருகிறீர்கள்?" என்று கேட்டார். சட்டைக்குள் அரித்தது. விரைவில் என்றேன்.

நவம்பர் 19

தூக்கம் இல்லை. வயல், தண்ணீர், 500.

நவம்பர் 20

அக்காவிடம் சொன்னேன்: அந்த நிலையத்துக்குப் போய்வரும் விமானிகளிடம் தரை ஈரமா என்று கேட்டுக் குறித்து வைத்தால் என்ன? சிரிப்பார் என்று நினைத்தேன். "அட்டவணையில் பத்தி ஒன்று சேர்த்துவிடு, ஒரு மாதம் பார்க்கலாம்" என்றார். சேர்த்துவிட்டேன். முதல் பதில் மாலையே வந்தது: "காய்ந்திருக்கிறது. வேறு வேலை இல்லையா?"

நவம்பர் 22

மருத்துவப் பிரிவிலிருந்து மின்னஞ்சல். முடிவு அல்ல. இதய எக்கோ அறிக்கையும் வேண்டுமாம், "பரிசீலனையில் உள்ளது" என்ற அதே வரியோடு. எக்கோவுக்கு நேரம் கேட்டு அழைத்தேன். திங்கள் காலை 8 மணிக்குக் கொடுத்தார்கள். ஞாயிறு இரவுப் பணியை யாரிடமாவது மாற்றிக்கொள்ள வேண்டும்.

நவம்பர் 23

யாரும் மாற்றிக்கொள்ளவில்லை. வெப்பநிலை 11, பனிநிலை 11. பத்தியில் இன்று: "ஈரம்."