529, ஏபிள் ரெண்டுக்கும் இல்லினாய் டிடக்‌ஷன்: ப்ரிப்பேரர் விட்டதை அமெண்ட் பண்ணி வாங்கின கதை

ஒருவழியா இல்லினாய் ஸ்டேட் டேக்ஸ் ரீஃபண்ட் 712 டாலர் 80 சென்ட் அக்கவுண்ட்ல விழுந்துடுச்சு. பெரிய காசு இல்லதான், ஆனா ரிட்டர்ன் போட்டப்பவே வந்திருக்க வேண்டியது, அதுவும் டேக்ஸ் ரிட்டர்ன் போட்டுத் தர்ற ப்ரிப்பேரருக்கு ஃபீஸ் முழுசா அழுதும் விட்டுப்போனதுங்கறதால இன்னும் வயித்தெரிச்சல் அடங்கல.

பொண்ணுக்கு ப்ரைட் ஸ்டார்ட் 529ல (படிப்புச் செலவுக்கான இல்லினாய் சேமிப்பு ப்ளான்) மாசம் 800, பையனுக்கு ஆட்டிசம், அவனுக்கு இல்லினாய் ஏபிள்ல (குறைபாடு உள்ளவங்களுக்கான சேமிப்பு அக்கவுண்ட்) மாசம் 400, ஆக வருஷத்துக்கு 14,400. அக்கவுண்ட் திறக்கறதெல்லாம் ஆன்லைன்லயே முடிஞ்சுடும், அதுல ஒரு தொல்லையும் இல்ல. இதுல போடற காசுக்கு ஃபெடரல் டேக்ஸ்ல டிடக்‌ஷன் (டேக்ஸ் போடற வருமானத்துல கழிச்சுக்கறது) கிடையாது, ஸ்டேட்ல உண்டு. 529க்கு தனியா ஃபைல் பண்ணா 10,000, புருஷன் பொண்டாட்டி ஜாயிண்ட்னா 20,000 வரைக்கும். ஏபிளுக்கும் அதே அளவு, தனி லிமிட். ஸ்டேட் டேக்ஸ் ரேட் 4.95%.

ப்ரிப்பேரர் நம்மாளுதான், பேர் வேண்டாம். முதல் கேள்வியே "சார், 529க்கு 1099-கியூ வந்துச்சா?"ன்னு. அது காசை வெளிய எடுத்தா வர்ற பாரம் சார், நான் போட்டுட்டுதான இருக்கேன்னு சொன்னா, "அப்ப போட்டதுக்கு ஒரு பாரம் வரும்ல, அதைக் கொண்டாங்க"ங்கறார். விஷயம் என்னன்னா அப்படி ஒரு பாரமே கிடையாது! 529ல போடற காசுக்கு ஐஆர்எஸ் (ஃபெடரல் டேக்ஸ் ஆபீஸ்) பாரம் எதுவும் வராது, இயர் எண்ட் ஸ்டேட்மெண்ட்தான் ப்ரூஃப். அதைப் பிரிண்ட் எடுத்துக்கிட்டு அரை நாள் லீவ் போட்டு அவர் ஆபீசுக்குப் போனா, பக்கத்தைப் புரட்டிப் பார்த்துட்டு, "இது வெறும் ஸ்டேட்மெண்ட் சார், நாளைக்கு நோட்டீஸ் வந்தா யார் பதில் சொல்றது"ன்னு மேஜைலயே திருப்பி வச்சுட்டார்.

ஏபிள் கதை இதுக்கும் மேல. அதுக்கு நிஜமாவே பாரம் உண்டு, 5498-கியூஏ, மார்ச்ல வரும். நீட்டினேன். ஏபிள் அக்கவுண்ட்ல ஓனர் பையன்தான், நாம கையெழுத்து போடற ஆளு மட்டும், அதனால பாரம் அவன் பேர்லயும் அவன் சோஷியல் செக்யூரிட்டி நம்பர்லயும்தான் வரும். "தம்பி ரிட்டர்ன் போட்டா அதுல க்ளெய்ம் பண்ணிக்கலாம் சார்"னாரு. பதினோரு வயசுப் பையன் என்னத்தை ரிட்டர்ன் போடுவான்! இல்லினாய்ல காசு போட்டவங்களுக்குத்தான் டிடக்‌ஷன், அக்கவுண்ட் யார் பேர்ல இருந்தாலும் சரி. ஷெட்யூல் எம் (ஸ்டேட் ரிட்டர்னோட இந்தக் கழிவைக் காட்டற பாரம்) இன்ஸ்ட்ரக்‌ஷன் பேஜை போன்ல காட்டினா, "அதெல்லாம் ரிஸ்க் சார், வேணும்னா அப்புறம் அமெண்ட் பண்ணிக்கலாம், அதுக்கு தனி சார்ஜ்". ஏப்ரல் 15 வேற நெருங்கிடுச்சு, அப்படியே போடச் சொல்லிட்டு வந்துட்டேன்.

அப்புறம் நானே உக்காந்து ஐஎல்-1040-எக்ஸ் (ஏற்கனவே போட்ட ஸ்டேட் ரிட்டர்னைத் திருத்தற, அதாவது அமெண்ட் பண்ற பாரம்) போட்டேன். ஸ்டேட் மட்டும்தான், ஃபெடரலைத் தொடவே வேண்டாம், அங்க எதுவும் மாறாது. திருத்தின ஷெட்யூல் எம், ரெண்டு அக்கவுண்ட்டோட டிசம்பர் ஸ்டேட்மெண்ட், நம்ம பேங்க்ல இருந்து காசு போனதுக்கு பேங்க் ஸ்டேட்மெண்ட், இவ்ளோதான். பேங்க் ஸ்டேட்மெண்ட்டை விட்றாதீங்க, ஏபிள் பையன் பேர்ல இருக்கறதால போட்டது நீங்கதான்னு சொல்றது அது ஒண்ணுதான். ரிட்டர்ன் போட்டு மூணு வருஷத்துக்குள்ள அமெண்ட் பண்ணலாம், பழசுல விட்டிருந்தாலும் தோண்டிப் பாருங்க.

இன்னொண்ணு, 5498-கியூஏல இருக்கற தொகையை அப்படியே தூக்கிப் போட்றாதீங்க. அதுல எல்லாரும் போட்டது சேர்ந்து வரும். பையன் பர்த்டேக்கு மச்சான் 500 போட்டிருந்தார், பாரத்துல 5,300ன்னு இருந்துச்சு, நான் க்ளெய்ம் பண்ணது 4,800தான். மச்சானும் ஷாம்பர்க்லதான் இருக்கார், அவரோட 500 அவர் ரிட்டர்ன்ல போகும். டல்லாஸ்ல இருக்கற அக்கா போட்டா அவளுக்கு ஒண்ணும் கிடையாது, டெக்சாஸ்ல ஸ்டேட் இன்கம் டேக்ஸே இல்லையே.

ஆபீஸ்ல ஒருத்தர் இங்க இருந்துக்கிட்டே நெவாடா ஸ்டேட்டோட 529 ப்ளான்ல போட்டுட்டு இருக்கார், அதுக்கு இல்லினாய்ல டிடக்‌ஷன் கிடையாது. இங்க டிடக்‌ஷன் வாங்கிட்டு பின்னாடி வேற ஸ்டேட் ப்ளானுக்கு மாத்தினாலோ, 529ல இருந்து எடுத்து ஸ்கூல் ஃபீஸ் கட்டினாலோ, குடுத்ததை ஸ்டேட் திரும்பக் கேக்கும். பன்னெண்டாவது வரைக்குமான ஃபீஸை ஃபெடரல் ஒத்துக்கும், இல்லினாய் ஒத்துக்காது, ப்ரைவேட் ஸ்கூல்ல பசங்களைப் போட்டிருக்கறவங்க பாத்துக்கங்க. செக்ல அனுப்பறவங்க டிசம்பர் 31க்குள்ள போஸ்ட்மார்க் விழற மாதிரி அனுப்பிடுங்க, டேக்ஸ் டெட்லைன் வரைக்கும் டைம் இருக்குன்னு ஐஆர்ஏ (ரிட்டயர்மெண்ட் சேமிப்பு அக்கவுண்ட்) மாதிரி நெனைச்சுட்டு இருக்காதீங்க.

ஏபிளுக்கு வயசு வரம்பும் மாறியிருக்கு, முன்னாடி 26 வயசுக்குள்ள வந்த குறைபாடா இருக்கணும், 2026 ஜனவரில இருந்து 46. மாமனார் வீட்டுப் பக்கம் ஒருத்தருக்கு இது பொருந்தும், இந்த வாரம் அவருக்குத்தான் அப்ளிகேஷன் போட்டுட்டு இருக்கோம்.